அப்டேட்டை நம்பி வாங்கலாமா? பினாங்கில் கையடக்க லினக்ஸ் கருவி தேடுபவருக்கு

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியனாக இருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். சட்டைப்பையில் அடங்கும் லினக்ஸ் கருவி ஒன்று அவருக்கு வேண்டும். வீட்டு சர்வருக்குள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்தே இன்னொரு கணினிக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் முறை) வழியாக நுழைய வேண்டும், தமிழ்ப் பக்கங்கள் படிக்க வேண்டும், பட்டர்வொர்த் ஃபெரியிலோ பஸ்ஸிலோ உட்கார்ந்து சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். பழைய நோக்கியா என்900 ஒன்று, பைன்ஃபோன் ஒன்று, செயில்ஃபிஷ் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஏற்றிய சோனி எக்ஸ்பீரியா 10 மார்க் 3 ஒன்று என மூன்று கருவிகள் கைமாற்றாகக் கிடைக்கின்றன. மூன்றிலும் ஏதோ ஒன்று இன்றைக்கு ஒழுங்காக வேலை செய்யவில்லை. மூன்றுக்கும் “அடுத்த அப்டேட்டில் வந்துவிடும்” என்ற பதில்தான் வந்திருக்கிறது. எதை எடுப்பது? இல்லை, அப்டேட் வரட்டும் என்று பொறுத்திருப்பதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரப்போகும் அப்டேட்டுக்காக விலையில் ஒரு காசும் கூட்டிக் கொடுக்காதீர்கள். இன்றைக்கு அந்தக் கருவி என்ன செய்கிறதோ அதற்கு மட்டும் கொடுங்கள். அப்புறம், மூன்றையும் ஒப்பிடும்போது இன்னும் எத்தனை அப்டேட் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். வந்த அப்டேட் கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் வரிசைப்படுத்துகிறேன்.

என்900க்கு முன்னால் வந்த நோக்கியாவின் டேப்லெட்டுகளைத் தெரிந்தவர்களுக்கு இது ஏன் என்று உடனே புரியும். 2005 இறுதியில் நோக்கியா 770 விற்பனைக்கு வந்தது. சிம் கிடையாது, வைஃபையும் புளூடூத்தும் மட்டும். 64 எம்பி ரேம், 800க்கு 480 புள்ளித் திரை, உள்ளே டெபியன் என்ற லினக்ஸ் வகையை ஒட்டிய மேமோ இயங்குதளம். (மலேசியரான முத்து நெடுமாறனின் செல்லினம் கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்ததும் அதே 2005இல்தான். நம்மவர்களுக்கு அது நல்ல ஆண்டு.) 2006இல் 770க்கு ஓஎஸ்2006 என்ற புதிய பதிப்பு வந்தது, இணையவழிப் பேச்சு வசதியும் கூடவே வந்தது. 2007 ஜனவரியில் என்800 வந்ததும் கதை மாறியது. புதிய ஓஎஸ்2007 பழைய 770க்கு முறையாக வரவில்லை. ‘ஹேக்கர் எடிஷன்’ என்று ஒன்றை வெளியிட்டு, இதற்கு ஆதரவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த முறை நேர்மாறாக நடந்தது. 2007 அக்டோபரில் விசைப்பலகையும் ஜிபிஎஸ்ஸும் கொண்ட என்810ஐ அறிவித்தபோது, என்800 வைத்திருந்தவர்கள் தங்களையும் கழற்றிவிடுவார்கள் என்றே நினைத்தார்கள். ஆனால் ஓஎஸ்2008 என்800க்கும் இலவசமாக வந்தது. வந்ததோடு சிப்பின் வேகம் 330 மெகாஹெர்ட்ஸிலிருந்து 400க்கு ஏறியது. அந்த வேகம் சிப்பில் முன்பே இருந்தது, பழைய மென்பொருள் அதைத் தொடவில்லை, அவ்வளவுதான். காத்திருந்தவர்களுக்கு உண்மையிலேயே பலன் கிடைத்த சந்தர்ப்பம் இது. இன்றைக்கும் “பொறுத்திருங்கள், வரும்” என்று சொல்பவர்கள் மனதில் இருப்பது இந்த மாதிரி அனுபவம்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2008 ஜூன் வரை ஒவ்வொரு பெரிய அப்டேட்டும் கருவியை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் ஏறும். அமைப்புகளை பேக்கப் எடுத்துத் திரும்ப வைக்கலாம், செயலிகளை ஒவ்வொன்றாக மறுபடி நிறுவ வேண்டும். அந்த ஜூனில் வந்த டியாப்லோ என்ற பதிப்புதான் இணையம் வழியாகவே, எதையும் அழிக்காமல் புதுப்பிக்கும் முறையைக் கொண்டுவந்தது. நல்ல முறை வந்து சேர்ந்த கொஞ்ச காலத்தில் என்800, என்810 இரண்டின் ஆயுளும் முடிந்தது. மேமோ 5 அவற்றுக்கு வரவில்லை. 2009 நவம்பரில் மேமோ 5 என்900த்தோடு வந்தது. அதற்கான அப்டேட்டுகள்: 2010 ஜனவரியில் பிஆர் 1.1, பலரும் நாள் எண்ணிக் காத்திருந்த பிஆர் 1.2 மே மாதம், பிஆர் 1.3 அக்டோபரில். பெரிய அப்டேட் அத்தோடு சரி. 2011 பிப்ரவரியில் நோக்கியா மைக்ரோசாஃப்ட் பக்கம் போய்விட்டது. நோக்கியாவோடு சேர்ந்து மேமோவை மீகோ என்ற புதிய இயங்குதளமாக்கக் கிளம்பிய இன்டெல்லும் (1972 முதல் நம் பினாங்கில் ஆலை நடத்தும் அதே இன்டெல்) அந்தப் பாதையைத் தனியாக நெடுநாள் இழுக்கவில்லை. கணக்குப் பார்த்தால் ஒரு கருவிக்கு நிறுவனம் கொடுத்த உயிர் ஓராண்டு, மிஞ்சினால் ஈராண்டு. உலகத்திலேயே பெரிய கைப்பேசி நிறுவனமாக இருந்தபோதே இதுதான் நிலைமை.

இந்தப் பின்னணியோடு தம்பிக்குக் கிடைத்த மூன்றையும் பார்ப்போம்.

என்900: நிறுவனம் போய்விட்டது, ஆட்கள் போகவில்லை

இந்தக் கருவிமேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. திரையைத் தள்ளினால் விசைப்பலகை வெளியே வரும். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சும் திரையில்) வேலை செய்ய இதைவிடச் சிறியது, வசதியானது அப்போது கிடையாது. நிறுவனம் விட்டுப்போன மேமோ 5ஐப் பயனர்களே தொடர்ந்து ஒட்டுப்போட்டுக் காப்பாற்றினார்கள். இன்னொரு கூட்டம் மேமோ லெஸ்டே என்ற பெயரில், டெவுவான் (டெபியனிலிருந்து பிரிந்த லினக்ஸ்) மேல் அதே முகப்பைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறது. லெஸ்டேயை மைக்ரோ எஸ்டி கார்டில் வைத்து யு-பூட் என்ற தொடக்க நிரல் வழியாக இயக்கலாம். உள்ளே இருக்கும் மேமோ 5 அப்படியே கிடக்கும். எது பிடிக்கவில்லையோ அதை விட்டு மற்றதற்குத் திரும்பலாம். பின்மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மூடி கழன்றிருந்தால் மேமோ 5க்கு அந்த கார்டு கண்ணில் படாது.

ஆனால் இரண்டு விஷயங்களை எந்த அப்டேட்டும் மாற்றாது. முதலாவது 256 எம்பி ரேம். இன்றைய ஒரு செய்தித் தளத்தின் ஒரே பக்கம் அதை விழுங்கிவிடும். இரண்டாவது நம் ஊர் நெட்வொர்க். மலேசியாவில் 2021 டிசம்பர் 31ஓடு 3ஜியை மூடினார்கள். என்900க்கு 4ஜி தெரியாது. 2ஜியை விட்டுவைத்ததால் அழைப்பும் குறுஞ்செய்தியும் ஓடும், வெளியே போனால் டேட்டா என்பது பெயருக்குத்தான். ஃபெரியில் உட்கார்ந்து சர்வருக்குள் நுழைய நினைத்தால் இன்னொரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் ஆக வேண்டும்.

அதே 2021 செப்டம்பர் 30இல் இணையத்தில் பரவலாகப் பயன்பட்ட பழைய மூலச் சான்றிதழ் (தளம் உண்மையானதா என்று கருவி சரிபார்க்க உதவுவது) ஒன்றும் காலாவதியானது. பழைய கருவிகள் பலவற்றில், நேற்று வரை திறந்த தளங்கள் மறுநாள் எச்சரிக்கை காட்டின. புதுச் சான்றிதழைக் கையால் சேர்க்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், மேமோ 5இன் சொந்த உலாவிக்கு டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு இணைப்பு முறை தெரியாது, அதனால் பெரும்பாலான தளங்கள் கதவைத் திறக்காது. கருவியை நாம் தொடாமலே வைத்திருந்தாலும் சுற்றியுள்ள உலகம் அப்டேட் ஆகிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். லெஸ்டேயில் சான்றிதழ்ச் சிக்கலும் டிஎல்எஸ் சிக்கலும் தீரும். ரேமும் 3ஜியும் தீராது.

வாங்குவதாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது யுஎஸ்பி துளை. என்900இல் அது போர்டிலிருந்து பெயர்ந்து வருவது பேர்பெற்ற கோளாறு. துளை போனாலும் பேட்டரியைக் கழற்றி வெளியே சார்ஜ் செய்துகொள்ளலாம். பிஎல்-5ஜே பேட்டரி பல நோக்கியாக்களுக்குப் பொது, இன்றும் கிடைக்கும். ஆனால் மேமோ 5 கெட்டுப்போனால் ‘யு’ எழுத்தை அழுத்திக்கொண்டே கேபிளைச் செருகித்தான் மறுபடி ஏற்ற வேண்டும். துளை இல்லையென்றால் அந்த வழி அடைபட்டது. “சார்ஜ் ஏறுது, பாருங்க” என்று விற்பவர் காட்டினால் போதாது. டேட்டா கேபிளில் கணினியோடு இணைத்து, கோப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

பைன்ஃபோன்: கெடுத்தாலும் பயமில்லாதது

2020இல் வந்த கருவி. ஆல்வின்னர் ஏ64 சிப், 2 அல்லது 3 ஜிபி ரேம். வேகம் குறைவு என்பதை மறைக்கத் தேவையில்லை. உலாவியில் கனமான தளம் திறந்தால் பொறுமை வேண்டும். ஏ64 அப்படித்தான். அடுத்த அப்டேட்டில் அது பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்800க்கு நடந்தது போல ஒளிந்திருக்கும் வேகம் எதுவும் இதில் பாக்கி இல்லை.

அப்படியிருந்தும் தம்பிக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறேன். காரணம் பின்மூடிக்குள் இருக்கிறது. மூலையில் உள்ள சின்னப் பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினால் மூடி கழன்று வரும். பேட்டரி கையோடு வரும். அடுக்காக இரண்டு துளைகள் இருக்கும்: கீழே சிம், மேலே மைக்ரோ எஸ்டி. பக்கத்தில் ஆறு குட்டி சுவிட்சுகள், மோடம், வைஃபை, மைக், கேமராக்கள் என்று ஒவ்வொன்றையும் மின்சாரத்தோடு துண்டிப்பவை. அந்த எஸ்டி துளைதான் முக்கியம். வாங்கியபடியே பைன்ஃபோன் எஸ்டி கார்டில் இயங்குதளம் இருந்தால் முதலில் அதைத்தான் எழுப்பும், இல்லாவிட்டால்தான் உள்நினைவகத்துக்குப் போகும். ஆகவே புது வெளியீடு வந்தால் அதை ஒரு கார்டில் எழுதிப் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அழைப்பு வருகிறதா, இரவில் பேட்டரி எவ்வளவு இறங்குகிறது, தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிடித்தால் உள்ளே ஏற்றுங்கள். பிடிக்கவில்லையென்றால் கார்டை உருவிவிட்டால் பழைய நிலை. உள்ளே இருப்பதே கெட்டுப்போனாலும் ஜம்ப்டிரைவ் என்ற சின்ன மீட்பு இயங்குதளத்தை கார்டில் போட்டு எழுப்பினால், போனின் உள்நினைவகம் கணினியில் பென்டிரைவ் மாதிரி தெரியும். உங்கள் கோப்புகளை எடுத்துக்கொண்டு மறுபடி எழுதலாம். சாவி, கடவுச்சொல், நிறுவனத்தின் அனுமதி எதுவும் கேட்காது.

இதில் எந்த இயங்குதளம் என்பதும் ஒரு முடிவுதான். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் அல்பைன் என்ற லினக்ஸ் மேல் கட்டியது, 2017இல் தொடங்கியது, ஆண்டுக்கு இரண்டு நிலையான வெளியீடு வரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மேலேற்றுவதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பழைய வெளியீட்டை அதிக நாள் தாங்கிப் பிடிக்க மாட்டார்கள். மோபியன் டெபியனை ஒட்டியது. டெபியனின் பெரிய வெளியீடுகள் ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒரு முறை: 12 வந்தது 2023 ஜூன், 13 வந்தது 2025 ஆகஸ்ட். இடையில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு மோபியன்தான் ஒத்துவரும். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸின் ‘எட்ஜ்’ கிளையை அன்றாடக் கருவியில் போட வேண்டாம். புதியது முதலில் வருவது அங்கேதான், உடைவதும் முதலில் அங்கேதான். ஆசையாக இருந்தால் அதற்கென்று இன்னொரு எஸ்டி கார்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்டேட்டால் உண்மையாகவே மேம்பட்ட கருவி என்றும் இதைச் சொல்ல வேண்டும். முதல் தொகுதி வந்தபோது கேமரா படமே எடுக்காது, சில மாதங்களில் எடுத்தது. மோடத்தின் உள்மென்பொருளில் பெரும்பகுதியை வெளியிலிருந்து ஒருவர் திறந்த மூலமாக மாற்றி எழுதிக் கொடுத்தார். டிரைவர், தூக்கநிலை, மோடம் மாதிரியான குறைகள் மென்பொருளால் தீரக்கூடியவை. அந்த மாதிரிக் குறை இருந்தால் எதிர்பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. சிப், ரேம், நெட்வொர்க் அலைவரிசை ஆகியவற்றில் குறை இருந்தால் எதிர்பார்க்காதீர்கள். விற்பவர் எந்தக் குறையைப் பற்றிப் பேசுகிறார் என்று பிரித்துக் கேட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நம் ஊருக்கு ஒரு சோதனை உண்டு. பைன்ஃபோனுக்கு 4ஜி உண்டு, டேட்டா வரும். 3ஜி இல்லாத நாட்டில் குரல் அழைப்பு ஒன்று வோல்டே (4ஜியிலேயே பேசும் முறை) வழியாகப் போக வேண்டும், இல்லையென்றால் 2ஜிக்கு இறங்க வேண்டும். உங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள், வெளியிலிருந்து ஒன்று வரச் சொல்லுங்கள். கடை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தால் மேலே வந்து பார்க்க வேண்டும்.

செயில்ஃபிஷ்: அழகானது, ஆனால் சாவி பிறர் கையில்

அன்றாடப் பயன்பாட்டில் மூன்றிலும் இதுதான் வழவழப்பானது. 6 ஜிபி ரேம், நல்ல திரை, நல்ல பேட்டரி. மேமோவில் வேலை பார்த்தவர்கள் சிலர் 2011இல் தொடங்கிய யோல்லா நிறுவனத்தின் இயங்குதளம்.

யோல்லாவின் வரலாறு இந்தக் கட்டுரையின் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 2014 நவம்பரில் டேப்லெட் செய்வதாகச் சொல்லிப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள். 2016 தொடக்கத்தில், பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு டேப்லெட் வராது என்று அறிவித்தார்கள். அதே நிறுவனம் 2013இல் விற்ற தன் முதல் போனுக்கு 2020 இறுதி வரை, ஏழு ஆண்டு, அப்டேட் கொடுத்தது. பெரிய நிறுவனங்கள் பலவும் அப்போது செய்யாத காரியம் அது. ஒரே இடத்தில் வன்பொருள் வாக்கு உடைந்தது, மென்பொருள் வாக்கு நின்றது. அவர்கள்மேல் எனக்கு மரியாதை இருப்பதற்குக் காரணம் இந்த ஏழு ஆண்டுதான்.

தயக்கம் வேறு இடத்தில். எக்ஸ்பீரியாவில் செயில்ஃபிஷ் ஓடுவது சோனி ஆண்ட்ராய்டுக்காகக் கொடுத்த கெர்னலையும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மூடிய டிரைவர்களையும் நம்பித்தான். செயில்ஃபிஷ் எவ்வளவு புதியதானாலும் அடியில் இருப்பது பழையதாகவே இருக்கும். ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்டும் வசதி கட்டண உரிமத்தோடு வருவது, அந்த உரிமத்தை ஐரோப்பிய நாடுகளை வைத்தே விற்றுவந்தார்கள். கைமாற்றாக வரும் போனில் உரிமம் யார் கணக்கில் இருக்கிறது என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். அப்டேட்டிலும் ஒரு ஒழுங்கு உண்டு: பழைய வெளியீட்டிலிருந்து நேராகப் புதியதற்குத் தாவ முடியாது, இடையில் குறிப்பிட்ட வெளியீடுகளில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். கெட்டுப்போனால் கணினியோடு இணைத்து முழுவதையும் மறுபடி ஏற்றலாம், உள்ளே இருந்தது போய்விடும். எஸ்டி கார்டில் வைத்துச் சோதித்துப் பார்க்கும் வசதி இதில் இல்லை.

கட்டணம் கட்ட டச் என் கோ இ-வாலட்டும் வங்கிச் செயலியும் வேண்டுமென்றால் மூன்றில் எதையும் ஒரே போனாக வைத்துக்கொள்ள முடியாது. இருக்கும் ஆண்ட்ராய்டு போன் இருக்கட்டும், இது இரண்டாவது கருவி. இதை மனதில் வைத்தால் செயில்ஃபிஷின் வழவழப்புக்கு இருந்த மதிப்பு பாதி குறைகிறது.

ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணினி பற்றியும் தம்பி கேட்டார். சட்டைப்பையில் அடங்காது, அதனால் நீளமாகப் பேசவில்லை. ஆனால் அதன் அப்டேட் முறை மற்றவர்கள் கற்க வேண்டியது: இயங்குதளத்துக்கு இரண்டு பகுதிகள், புதியது ஒன்றில் ஏறும், எழும்பாவிட்டால் மற்றதிலிருந்து பழையது எழும்.

சரி, காத்திருப்பதா? ஏற்கெனவே கையில் கருவி இருப்பவர் காத்திருக்கலாம், அவருக்குச் செலவில்லை. வாங்கப்போகிறவர் காத்திருந்தால் பேட்டரி மூப்படைகிறது, உதிரிபாகம் குறைகிறது, சில நேரம் கருவியே சந்தையிலிருந்து போய்விடுகிறது. பைன்ஃபோன் ப்ரோவை 2025இல் நிறுத்திவிட்டார்கள். அப்டேட் வந்தால் வாங்கியவருக்கும் இலவசமாகத்தான் வரும். ஆகவே இன்றைக்கு எஸ்எஸ்எச்சும் தமிழும் ஓடினால் இன்றைக்கே வாங்குங்கள், ஓடவில்லையென்றால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள்.

தமிழ் பற்றிக் கடைசியாக. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸில் நோட்டோ தமிழ் எழுத்துரு தனிப் பொதியாக இருக்கிறது, டெபியன் குடும்பத்தில் லோகித் தமிழ். இரண்டும் ஒரே கட்டளையில் ஏறும். மேமோ 5இல் எழுத்துருக் கோப்பை உங்கள் கோப்புறைக்குள் கையால் வைக்க வேண்டும். கடையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அதற்காகக் கருவியை ஒதுக்காதீர்கள். எழுத்துருவை ஏற்றிவிட்டு, ‘கொடுக்கவில்லை’, ‘சௌகரியம்’, ‘ஸ்ரீ’ என்று மூன்று சொற்களைத் திறந்து பாருங்கள். கொம்பும் காலும் சரியான இடத்தில் நின்றால் விலை பேசத் தொடங்கலாம். தம்பி, உங்களுக்குப் பைன்ஃபோன், 3 ஜிபி உள்ளது, மோபியனோடு. இரண்டு எஸ்டி கார்டும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.